கரையேறிய சரக்குகள் – 6: அரிக்கமேட்டுக்கு வந்த கோஸ் தீவு ஒயின்

அரிக்கமேடு, புதுச்சேரி நகரத்துக்குத் தெற்கே சுமார் 4 கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றின் வலக்கரையில், ஆறு கடலை நெருங்கி வளையும் இடத்தில் உள்ளது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் மத்தியதரைக் கடல் நாடுகளின் ஒயின் இந்தக் கரையில் இறங்கியது. கி.பி. 1ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ்’ என்னும் வணிகக் கையேடு, தமிழகத்தின் கிழக்குக் கரைத் துறைமுகங்களாகக் கமரா, பொதுகே, சோபட்மா ஆகிய மூன்றையும் சொல்கிறது. 2ஆம் நூற்றாண்டுப் புவியியலாளர் தாலமியும் பொதுகேயைக் குறிப்பிடுகிறார். அந்தப் பொதுகே அரிக்கமேடுதான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு.

வந்த ஒயினில் ஒரு துளிகூட மிஞ்சவில்லை. அதை ஏற்றி வந்த ஆம்போரா என்னும் சுடுமண் சாடிகளின் உடைசல்கள் மட்டும் மண்ணுக்குள் கிடந்தன. எந்த ஊர் ஒயின் வந்தது, எப்படிச் செய்யப்பட்டது, என்ன சுவையில் இருந்திருக்கும் என்பதை அந்த உடைசல்களையும் அக்காலக் கிரேக்க, ரோமானிய நூல்களையும் சேர்த்து வைத்துத்தான் அறிய முடிகிறது.

சாடித் துண்டும் அகழாய்வும்

அரிக்கமேட்டின் பழைய செங்கற்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக்காரர்களின் கண்ணில் பட்டிருந்தன. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்த வானியலாளர் லெ ழாந்தீய் இந்த இடிபாடுகளைப் பற்றி எழுதினார். 1937இல் ழுவோ துய்ப்ரெய் என்னும் பிரெஞ்சுப் பேராசிரியர், ரோமானியப் பேரரசர் அகஸ்டஸின் தலை என்று கருதப்பட்ட உருவம் செதுக்கிய மணிக்கல்லை இங்கே கண்டெடுத்தார். இது ரோமானியத் தொடர்புள்ள ஊர் என்ற பேச்சு அதன் பிறகே வலுத்தது.

1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராகப் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர், சென்னை அரசு அருங்காட்சியகத்தில் ஒரு சாடியின் நீண்ட கழுத்தும் கைப்பிடியும் கிடப்பதைப் பார்த்தார். அது மத்தியதரைக் கடல் பகுதியின் ஆம்போரா என்பது அவருக்கு உடனே புரிந்தது. துண்டு வந்த இடம் அரிக்கமேடு. மறு ஆண்டே அவர் அங்கே அகழாய்வு செய்தார். புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் தொல்லியல் துறை பிரெஞ்சு மண்ணில் தோண்டிய அபூர்வமான வேலை அது. 150 அடிக்கும் மேல் நீளமுள்ள ஒரு செங்கல் கட்டடத்தைச் சரக்குக் கிடங்கு என்று அவர் இனங்கண்டார். இத்தாலியின் அரெஸ்ஸோ வகைச் செந்நிற மேசைப் பாண்டங்களும் கிடைத்தன. அவற்றை வைத்து யவன (கிரேக்க, ரோமானிய) வணிகத்தின் உச்சத்தைக் கி.பி. முதல் நூற்றாண்டில் நிறுத்தினார்.

1947 முதல் 1950 வரை ழான்-மரி கசால் தோண்டினார். பிறகு 1989 முதல் 1992 வரை பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் கூட்டாக நடத்திய ஆய்வுக்கு விமலா பெக்லி தலைமை வகித்தார். ஆம்போரா துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து வகைப்படுத்தியவர் எலிசபெத் லைடிங் வில். துண்டுகளில் காலத்தால் முந்தியவை கி.மு. 2ஆம் நூற்றாண்டையும் எட்டக்கூடும் என்பது அவருடைய கணிப்பு. ஒயின் வணிகம் வீலர் சொன்ன காலத்துக்கும் முன்பே தொடங்கிவிட்டது என்பது இதன் பொருள்.

கைப்பிடி சொல்வதும் களிமண் சொல்வதும்

எலிசபெத் வில்லின் பட்டியலில் முதலிடம் கோஸ் தீவின் சாடிகளுக்கு. கோஸ், இன்றைய துருக்கிக் கரைக்கு எதிரே ஏஜியன் கடலில் இருக்கும் சிறிய கிரேக்கத் தீவு. மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பிறந்த இடம். அந்தத் தீவின் சாடியை அடையாளம் காண முழுச் சாடி தேவையில்லை, கைப்பிடித் துண்டு போதும். இரண்டு களிமண் உருளைகளை அருகருகே வைத்து ஒட்டி, தோளிலிருந்து கழுத்துவரை வளைத்துப் பொருத்தியிருப்பார்கள். கைப்பிடி குறுக்காக உடைந்தால், உடைந்த முகத்தில் இரண்டு வட்டங்கள் ஒட்டிக்கொண்டு எட்டு போலத் தெரியும். நடுவில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும்.

ஆனால் இந்தக் கைப்பிடி கோஸ் தீவோடு நிற்கவில்லை. அந்தத் தீவின் ஒயின் மத்தியதரைக் கடல் எங்கும் விலைபோனதும் மற்ற ஊர்க்காரர்களும் அதே வடிவில் சாடி செய்யத் தொடங்கினார்கள். இத்தாலி, ஸ்பெயின், கால் நாடு (இன்றைய பிரான்ஸ்), எகிப்து என்று பல இடங்களில் உருவான இந்தப் போலி வடிவங்களுக்குத் தொல்லியலாளர்கள் வைத்த பெயர் ‘டிரெசல் 2–4’. ரோமின் ஆம்போராக்களை வகை பிரித்து 1899இல் வெளியிட்ட ஜெர்மானிய அறிஞர் ஹைன்ரிஷ் டிரெசலின் அட்டவணை எண் அது.

எனவே வடிவத்தை நம்பி ஊரை முடிவு செய்ய முடியாது. களிமண்ணைத்தான் கேட்க வேண்டும். இத்தாலியின் காம்பானியா பகுதியில், வெசூவியஸ் எரிமலையைச் சுற்றிச் செய்த சாடிகளின் மண்ணில் கரிய எரிமலை மணல் பொடி கலந்திருக்கும். உடைந்த ஓரத்தைப் பார்த்தாலே கறுப்புப் புள்ளிகள் தெரியும். அரிக்கமேட்டில் அந்த வகையும் கிடைத்திருக்கிறது. ரோட்ஸ் தீவு, நீடோஸ் நகரம் ஆகியவற்றின் சாடிகளும் உண்டு.

உள்சுவரும் சாட்சி சொல்லும். சுட்ட மண் நுண்துளைகள் கொண்டது. ஒயின் கசியும், காற்றும் நுழையும். அதைத் தடுக்க ஊசியிலை மரங்களின் பிசினைக் காய்ச்சிச் சாடியின் உட்புறம் முழுவதும் பூசினார்கள். எண்ணெய் பிசினைக் கரைத்துவிடும் என்பதால் எண்ணெய்ச் சாடிகளுக்கு இந்தப் பூச்சு இல்லை. உள்ளே கரிய பிசின் படிவு இருந்தால் அது பெரும்பாலும் ஒயின் சாடி என்று கொள்ளலாம்.

கடல்நீர் கலந்த ஒயின்

கோஸ் தீவு ஒயினின் தனி அடையாளம் உப்பு. கி.மு. 160ஐ ஒட்டி ரோமானிய அரசியலாளர் கேட்டோ எழுதிய வேளாண்மை நூலில் அதன் செய்முறை இருக்கிறது. திராட்சை அறுவடைக்கு 70 நாள் முன்னதாக, காற்றில்லாத அமைதியான நாளில், ஆற்றுநீர் கலக்காத நடுக்கடலிலிருந்து நீர் எடுக்க வேண்டும். அதைப் பெரிய தாழியில் ஊற்றி, முழுக்க நிரப்பாமல், காற்றுப் போக இடம்விட்டு மூட வேண்டும். 30 நாள் கழித்து, அடியில் தங்கிய கசடு அசையாதபடி வேறு தாழிக்கு மாற்ற வேண்டும். 20 நாள் கழித்து மீண்டும் ஒரு முறை மாற்றி, அறுவடைவரை வைத்திருக்க வேண்டும்.

திராட்சைக்கும் தனிப் பக்குவம் உண்டு. கொடியிலேயே நன்றாகப் பழுக்கவிட்டுப் பறித்து, இரண்டு நாள் வெயிலில் உலர்த்தி, அழுகியவற்றைக் கழிக்க வேண்டும். 50 அளவு கொள்ளும் தாழியில் 10 அளவு கடல்நீர் ஊற்றி, காம்பு நீக்கிய பழங்களைத் தாழி நிறையும்வரை போட்டு, உப்புநீர் ஊறும்படி கையால் அழுத்த வேண்டும். மூன்று நாள் கழித்துப் பழங்களை எடுத்து மிதித்துப் பிழிந்து, கழுவி உலர்த்திய சாடிகளில் ஊற்றிவிட வேண்டும்.

இந்தப் பழக்கம் எப்படித் தொடங்கியது என்பதற்கு ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி ஒரு கதை சொல்கிறார். கோஸ் தீவில் ஓர் அடிமை, தான் கொடுக்க வேண்டிய அளவு குறைந்ததால் திராட்சைச் சாற்றில் கடல்நீரை ஊற்றி நிரப்பினானாம். அதுவே பின்னர் செய்முறையாகிவிட்டதாம். கதை எப்படியிருந்தாலும், முறை நிலைத்ததற்குக் காரணம் இருந்தது. வெயிலில் உலர்ந்த பழத்தில் சர்க்கரை செறியும். நொதித்தால் சாராயச் சத்து கூடும். சூடான நாட்டில் விளைந்த பழத்தில் புளிப்பு குறைவு என்பதால் சாறு எளிதில் கெடும். உப்பு அந்தக் கேட்டைத் தள்ளிப்போடவும், கெடத் தொடங்கிய சுவையை மறைக்கவும் உதவியது. சாடியின் பிசின் காற்றைத் தடுத்தது. இத்தனையும் சேர்ந்து, ஒயினைப் பயணத்துக்குத் தாங்கும் பண்டமாக்கின.

சுவை எப்படி இருந்திருக்கும்? கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. ஒயினில் ஐந்தில் ஒரு பங்கு கடல்நீர் என்று வைத்தால் லிட்டருக்கு 7 கிராம் வரும். வீட்டில் வைக்கும் ரசத்தின் உப்பு ஏறக்குறைய அவ்வளவுதான். எனவே உப்பு மறைந்திருக்கும் ஒயின் அன்று. நாக்கில் பட்டதும் தெரியும் உப்பு. அதோடு உலர்திராட்சையின் இனிப்பும், பிசினின் மரவாசனையும் கலந்திருக்கும். கிரேக்கர்களும் ரோமானியர்களும் ஒயினை நீர் கலந்தே குடித்ததால், கோப்பைக்கு வரும்போது உப்பின் கடுமை குறைந்துவிடும். கடல்நீர் ஒயின் தாகத்தைக் கிளப்பும், வயிற்றை இளக்கும் என்று அக்கால மருத்துவ நூல்கள் எச்சரித்தன.

மோசெல் சரிவும் கோஸ் சாடியும்

இன்றைய ஒயின் உலகம் ஓர் ஒயினின் குணத்தைத் திராட்சை வகையிலும் தோட்டத்தின் மண்ணிலும் தேடுகிறது. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஜெர்மனியின் மோசெல் ஆற்றுப் பள்ளத்தாக்கில் விளையும் ரீஸ்லிங். அங்கே கொடிகள் ஆற்றை நோக்கிய செங்குத்தான பலகைக்கல் சரிவுகளில் நிற்கின்றன. கரிய கல் பகல் வெயிலை வாங்கி இரவில் திருப்பித் தருகிறது; குளிர்நாடு என்பதால் பழம் மெல்லப் பழுத்து, புளிப்பை இழக்காமல் இனிப்பைச் சேர்க்கிறது. இனிப்பான மோசெல் ரீஸ்லிங்கில் சாராயச் சத்து 8 சதவீதத்தை ஒட்டியே இருந்தாலும், புளிப்பும் இனிப்பும் சேர்ந்து அதைப் பல பத்தாண்டுகள் காக்கின்றன. புட்டியில் ஊர்ப் பெயரோடு தோட்டத்தின் பெயரும் அச்சாகிறது.

பீஸ்போர்ட் என்னும் மோசெல் ஊர் ‘கோல்ட்ட்ரோப்ஃஷென்’ தோட்டத்துக்குப் பெயர்போனது. அந்தச் சரிவின் அடிவாரத்தில் 1985இல் ரோமானியர் காலத்துத் திராட்சை பிழியும் ஆலை ஒன்று வெளிப்பட்டது. அது கி.பி. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ரீஸ்லிங் என்ற பெயர் ஆவணத்தில் முதலில் வருவது 1435இல், ரூசெல்ஸ்ஹைம் என்ற இடத்தின் கணக்கில். ஆகவே ரோமானியர் பிழிந்தது எந்தத் திராட்சை என்பது வேறு கேள்வி. ஆனால் பொதுகேக்கு ஒயின் அனுப்பிய அதே பேரரசுதான் மோசெல் கரையிலும் திராட்சை ஆலை வைத்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கோஸ் தீவு ஒயினின் தன்மை தெளிவாகிறது. ரீஸ்லிங்கைக் காப்பது பழத்துக்குள் இருக்கும் புளிப்பு. கோஸ் தீவு ஒயினைக் காத்தது வெளியிலிருந்து சேர்த்த உப்பும் பிசினும். அதனால்தான் ரீஸ்லிங்கின் தோட்டத்தை நகலெடுக்க முடியவில்லை. கோஸ் தீவின் ஒயினை இத்தாலியப் பண்ணையார் தன் ஊர்த் திராட்சையிலேயே செய்துகொள்ள முடிந்தது. கேட்டோ எழுதிய குறிப்பு அதற்காகத்தான்.

ஓராண்டுப் பயணம்

ஏஜியன் தீவில் இலையுதிர்காலத்தில் பறித்த பழம், குளிர்காலத்தில் நொதித்து, கடல் அமைதியான பிறகு அலெக்சாந்திரியாவுக்குப் புறப்படும். அங்கிருந்து நைல் ஆற்றில் கோப்டோஸ்வரை படகு. பிறகு பாலைவனம்: செங்கடலோரத்துப் பெரெனிகே துறைமுகத்துக்கு ஒட்டகங்களில் 12 நாள் என்கிறார் பிளினி, அதுவும் வெயிலுக்கு அஞ்சி பெரும்பாலும் இரவில். முழுச் சாடி ஒன்றில் ஏறக்குறைய 26 லிட்டர் ஒயின். வெறும் சாடியின் எடையே 10 கிலோவுக்கு மேல். பெரெனிகேயில் கிடைத்த சுங்கச் சீட்டுகள், ஓட்டுத் துண்டுகளில் மையால் எழுதப்பட்டவை, கப்பலேறிய ஒயின்களை இத்தாலியம், லாவோதிக்கேயம் என்று ஊர்வாரியாகப் பிரித்துச் சொல்கின்றன.

கோடை நடுவில் பெரெனிகேயை விட்ட கப்பல் 30 நாளில் அரேபியாவின் தென்முனையை அடையும். அங்கிருந்து தென்மேற்குப் பருவக்காற்றில் 40 நாளில் மேற்குக் கரைத் துறைமுகமான முசிறி. முசிறியிலிருந்து சரக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்குநாடு கடந்து கிழக்கே வந்திருக்கலாம், அல்லது சிறு கலங்களில் குமரிமுனையைச் சுற்றி வந்திருக்கலாம். கிழக்குக் கரையில் உள்ளூர்க் கலங்கள் போய்வந்ததைப் பெரிப்ளூஸ் குறிப்பிடுகிறது. எந்த வழியானாலும், அரிக்கமேட்டில் சாடி திறக்கப்பட்டபோது பழம் பறித்து ஏறக்குறைய ஓராண்டு ஆகியிருக்கும். செங்கடலின் வெயிலையும் பாலைவனத்தின் குலுக்கலையும் தாண்டி வருவதற்கு உப்பிட்ட ஒயினே ஏற்றது.

இத்தாலிய ஒயினும் வந்தது. அகஸ்டஸ் காலத்துக்குப் பிறகு காம்பானியாச் சாடிகள் கூடுகின்றன. அந்தப் பகுதியில்தான் ரோமானியர் தலையில் வைத்துக் கொண்டாடிய ஃபலேர்னிய ஒயின் விளைந்தது; பொம்பெயி ஒயினும் அங்கேதான் விளைந்தது. பொம்பெயி ஒயினைக் குடித்தால் மறுநாள் நண்பகல்வரை தலைவலி போகாது என்று பிளினி எழுதியிருக்கிறார். அரிக்கமேட்டுச் சாடியில் இருந்தது எது என்று களிமண் சொல்லாது. சிரியாக் கரையின் லாவோதிக்கேயாவில் மலைச் சரிவு உச்சிவரை திராட்சைக் கொடி மூடியிருந்ததாகவும், அந்த ஒயின் பெரும்பகுதி அலெக்சாந்திரியாவுக்குப் போனதாகவும் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். பெரிப்ளூஸ் சொல்லும் கணக்கில், குஜராத்தின் பாருகச்சத்துக்கு வந்த ஒயின்களில் இத்தாலியம் முதன்மை. லாவோதிக்கேயமும் அரேபியமும் அடுத்தவை. முசிறிக்கு ஒயின் ‘அதிகமில்லை’ என்ற அளவில்தான் போனது.

யார் குடித்தார்கள்?

அரிக்கமேட்டில் ஒயின் சாடிகளோடு, அட்ரியாட்டிக் கடலோர இஸ்திரியாவின் ஆலிவ் எண்ணெய்ச் சாடிகளும், ஸ்பெயினின் மீன்சாறு சாடிகளும் கிடைத்தன. நல்லெண்ணெயும் கருவாடும் நிறைந்த கரையில் இவற்றை வாங்கத் தமிழர்களுக்குத் தேவை இருந்திருக்காது. எனவே இவை இங்கே தங்கியிருந்த யவன வணிகர்களுக்காக வந்தவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒயினின் ஒரு பகுதியும் அவர்களுக்கே போயிருக்கும்.

இன்னொரு பகுதி தமிழ் மன்னர்களுக்குப் போனதைப் புறநானூற்றின் 56ஆம் பாடல் காட்டுகிறது. பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள மதுவைப் பெண்கள் பொற்கலத்தில் ஏந்தித் தர, அதை அருந்தி மகிழ்ந்திருக்கும்படி சொல்கிறார். வேற்று நாட்டுச் சரக்கு என்பதும் பொற்கலம் என்பதும் சேர்ந்து, அது அரண்மனைப் பொருள் என்பதைக் காட்டுகின்றன.

தமிழகத்தில் மதுவுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. பெரும்பாணாற்றுப்படை அரிசி மதுவின் செய்முறையையே தருகிறது: அரிசிக் கூழைத் தட்டில் ஆறவைத்து, முளைகட்டிய நெல்லை இடித்துச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து, விரலால் அலசிப் பிழிய வேண்டும். பனங்கள்ளும் உண்டு. இவை அன்றன்றைக்கோ சில நாளிலோ குடித்துத் தீர்க்க வேண்டியவை. பொழுது ஏறினால் கள் புளித்துவிடும். மலைநாட்டில் மூங்கில் குழாயில் அடைத்து முதிரவைத்த தேன் மதுவைச் சங்கப் பாடல்கள் போற்றுகின்றன. நாள்பட்ட மதுவின் அருமை தெரிந்த நாட்டுக்கே, ஓராண்டு கடந்தும் கெடாத யவன மது வந்து சேர்ந்தது.

ரோமில் கோஸ் தீவு ஒயின் மேல்தட்டுச் சரக்கு அன்று. கேட்டோ தன் பண்ணையாட்களுக்குக் குளிர்காலத்தில் கொடுக்கச் சொன்ன மலிவுப் பானத்திலும் கடல்நீர் உண்டு. அரசருக்கென்று உயர்ந்த ஒயினைக் கொண்டுபோகும் வழக்கத்தைப் பெரிப்ளூஸ் பாருகச்சத்துக்குச் சொல்கிறது. அரிக்கமேட்டின் உடைசல்களில் மிகுந்திருப்பதோ நடுத்தர விலைச் சரக்கு. ஏஜியனில் சாதாரண மனிதர் குடித்ததைத் தமிழகத்தில் அரசவைப் பொருளாக்கியது தொலைவு.

சாடிகள் நின்றபோது

கி.பி. முதல் நூற்றாண்டுக்குப் பிறகு அரிக்கமேட்டில் மத்தியதரைக் கடல் சாடிகள் குறைகின்றன. கி.பி. 79இல் வெசூவியஸ் வெடித்துக் காம்பானியாவின் திராட்சைத் தோட்டங்களைப் புதைத்தது ஒரு காரணமாகலாம். ஐரோப்பாவில் ஆம்போராவின் இடத்தை மரப்பீப்பாய் பிடிக்கத் தொடங்கியதும் உண்டு; கி.பி. 220ஐ ஒட்டி மோசெல் கரை நோய்மாகனில் செதுக்கப்பட்ட கல் கப்பலில் ஏற்றியிருப்பவை பீப்பாய்களே. மரம் மட்கிவிடும், மண்ணில் தடயம் வைக்காது. எனவே சாடி நின்றதை வைத்து ஒயினே நின்றுவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

அரிக்கமேடும் அதோடு அழிந்துவிடவில்லை. யவன வணிகத்தோடு பிறந்து அதோடு மறைந்த குடியிருப்பு என்ற வீலரின் படத்தை பெக்லியின் அகழாய்வு மாற்றியது. ஊர் யவனர்களுக்கு முன்பே இருந்தது, பின்பும் நீடித்தது. மணி செய்யும் தொழில் நடந்தது. சோழர் காலத்துக் காசுகளும் சீனப் பாண்டங்களும் மேலடுக்குகளில் கிடைத்தன. கரூர், அழகன்குளம், மாமல்லபுரத்துக்கு அருகே வசவசமுத்திரம், கேரளத்தின் பட்டணம் ஆகிய இடங்களிலும் ஆம்போரா துண்டுகள் வெளிப்பட்ட பிறகு, அரிக்கமேடு தனித்த யவனக் குடியிருப்பு என்ற நிலையிலிருந்து, தென்னிந்தியத் துறைமுக வலைப்பின்னலின் ஒரு கண்ணியாக இடம்பெற்றுள்ளது. கோஸ் தீவின் இரட்டைக் கைப்பிடிகள் அந்த வணிகத்தின் தொடக்ககாலத்துக்கு இன்றும் முதன்மைச் சான்றாக நிற்கின்றன.

(தொடரும்)